சாம்பல் ஆகாத செடிகள்

மார்ச் 5, 1962. திங்கள்.

நல்ல வெயில். விடியலில் மட்டும் குளிர். வெள்ளைப்பனி இந்த வருடத்துக்கு முடிந்தது என்கிறார் அப்பா. அவர் முழங்காலுக்குத் தெரியுமாம்.

இன்று செய்தது: அவரைக்குக் கொம்பு ஊன்றியது, பதினான்கு. தாட்பூட் பழக் கொடியை வேலிக் கம்பியில் இழுத்துக் கட்டியது. சௌசௌ பந்தலில் ஒரு கூடை காய். ப்ளூபெர்ரிக்குத் தண்ணீர், மழைத் தொட்டித் தண்ணீர் மட்டும். பிறகு சாம்பல் அள்ளியது.

சாம்பலைப் பற்றி எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே.

போன ஏப்ரலில் பங்களாவின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா தன் ஊருக்குக் கப்பலேறும் முன்பு ஆறு ப்ளூபெர்ரிச் செடிகளையும் பங்களாத் தோட்டத்திலிருந்து பெயர்த்து, எங்கள் வீட்டுப் பின்புறம் வைக்கச் சொன்னார். பங்களா ஒரு வருடம் பூட்டிக் கிடக்கும், இங்கே என்றால் எந்நேரமும் ஆள் இருக்கும் என்று. அவர் ஊரிலிருந்து ஈரப்பாசியில் சுற்றி வந்த செடிகள். அவர் பேசும் தமிழ் புத்தகத் தமிழ். "பழனியம்மாள், இவைகளை உன் கையில் ஒப்புவிக்கிறேன். சாம்பல் கூடாது. சுண்ணாம்பு கூடாது. சோப்புத் தண்ணீர் கூடாது." மூன்று கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "உன் கால்கள் இனி தோட்டவேலைக்கு உதவா. நான் திரும்பி வரும்போது இவள் இவைகளை உயிரோடு வைத்திருந்தால், தோட்டம் இவளுடையது. வீடும் உங்களுக்கு இருக்கும்."

இந்த வீடு தோட்டக்காரனுக்கு விட்ட வீடு. தோட்டவேலை வேறு ஆளுக்குப் போனால் வில்பட்டியில் சித்தப்பா வீட்டில் ஒரு அறை. அங்கே ஏற்கனவே ஏழு பேர்.

ஒன்பது மாதம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அம்மா போனதிலிருந்து அடுப்பு என் பொறுப்பு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். அடுப்புச் சாம்பலை அவரைக்கும் சௌசௌவுக்கும் போடுவேன், ப்ளூபெர்ரிப் பக்கம் காட்டமாட்டேன். தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். மன்னவனூரிலிருந்து மதினி வந்தாள். அடுப்பு மதினி கைக்குப் போனது. சாம்பலும் சேர்ந்து போனது.

கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

மார்ச் 6. செவ்வாய்.

வெயில்.

மதினி வெள்ளனே எழுந்துவிடுகிறாள், எங்கள் எல்லோருக்கும் முன்னால். அடுப்பைக் கூட்டி, சாம்பலை முறத்தில் எடுத்துக்கொண்டு நேரே பின்புறம். மன்னவனூரில் பூண்டுப் பாத்திக்கு அப்படித்தானாம். அவள் கணக்கு இது: கொடிகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி. ப்ளூபெர்ரிக்கு இரண்டு பிடி.

வந்த மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள்: "ஏ புள்ள, இந்த ஆறும் என்ன இப்பிடி நோஞ்சானா கெடக்கு? நோஞ்சான் புள்ளைக்குத்தான கூடுதலா ஊட்டணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று சொல். மதினி, சாம்பல் கூடாது. வாயைத் திறந்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல். கை முழுக்கச் சாம்பல். "ஆமா மதினி" என்றேன்.

அன்றே அப்பாவிடம் போனேன். "அப்பா, மதினி அந்தச் செடிக்கு..." என்று ஆரம்பித்தேன். "புதுப்பொண்ணு. ஆசையாச் செய்யுது. வந்த வாரத்துலயே கொற சொல்லாத தாயி" என்றார். அதோடு நின்றேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி: மதினி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனதும் கொட்டாங்கச்சியால் சாம்பலை அள்ளிச் சௌசௌ அடியில் போடுவது. ஆறு செடி. தினமும். குனிந்து குனிந்து இடுப்பு போகிறது. ஐந்து வாரமாக.

மார்ச் 8. வியாழன்.

மேகம். மாலையில் ஒரு பாட்டம் மழை.

மதினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் மேல் இல்லை, காற்றின் மேல். "போட்டது போட்ட எடத்துல நிக்க மாட்டேங்குதே. காத்து கொண்டு போயிருது" என்று இன்று காலை சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் செம்பு செம்பாக ஊற்றினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். கரைத்து ஊற்றியதைக் கொட்டாங்கச்சியால் அள்ள முடியாது. மேலே பரப்பியிருந்த பைன் சருகை மட்டும் மாற்றினேன். அடியில் மண் சாம்பல் நிறம்.

மழை வேறு. மீதியும் உள்ளே இறங்கியிருக்கும்.

சௌசௌ மட்டும் பேய் மாதிரி ஓடுகிறது. பந்தலைத் தாண்டி ஓட்டு மேல் ஏறிவிட்டது. அண்ணன் சாப்பிடும்போது மதினியிடம் சொன்னான்: "ஒன் கைராசிதான். முன்னாடி இவ்வளவு காய்ச்சதே இல்ல." மதினி என்னைக் காட்டி, "அவதான் கொம்பு கட்டுனா" என்றாள். நல்லவள். அதுதான் கஷ்டம்.

இன்றும் சௌசௌக் கூட்டு. நாலாவது நாள்.

மார்ச் 11. ஞாயிறு.

குளிர் காற்று.

இலை மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறி. 1, 4, 5ஆம் செடிகள் மோசம். 3 பரவாயில்லை. 2இலும் 6இலும் பூ இருக்கிறது, கவிழ்த்த குட்டிக் குடம் மாதிரி வெள்ளைப்பூ, ஆனால் தொட்டால் உதிர்கிறது.

மதினியும் பார்த்தாள். "ஐயோ, சோகை புடிச்சிருச்சு போலயே" என்றாள். நாளையிலிருந்து இரண்டு செம்பாம்.

மத்தியானம் பங்களாப் பட்லர் வந்தார். மிஸ்ஸியம்மாவிடமிருந்து லெட்டர். வாசலில் நின்றே படித்தார், முதலில் இங்கிலீஷில், பிறகு எங்களுக்காக. ஏப்ரல் பாதியில் வருகிறாராம். செடிகளைப் பற்றி ஒரு வரி.

"ப்ளூபெர்ரி எப்பிடி இருக்குன்னு கேட்டு ரிப்ளை போடச் சொல்லியிருக்காங்க. என்னம்மா, நல்லா இருக்குன்னு எழுதிரவா?"

தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எட்டிப் பின்புறம் பார்த்தார். போகும்போது அப்பாவிடம், "என் மச்சினன் ஒருத்தன் தோட்டவேல தெரிஞ்சவன், சும்மாதான் இருக்கான். மேடத்துக்கும் ஆள் வேணும். பாப்போம்" என்றார். அப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

மார்ச் 14. புதன்.

மஞ்சு. பத்து மணி வரை பந்தல்கூடத் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன்.

மதினி, நீங்கள் சாம்பல் போடுவது நல்லதுக்குத்தான், ஆனால்.
மதினி, அந்த மிஸ்ஸியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்.
மதினி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முடியாதது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சொல். இன்று சொன்னால், ஏன் ஆறு வாரம் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை டீச்சர் என் பெயரைத் தப்பாகப் பழனியாத்தாள் என்று ரிஜிஸ்தரில் எழுதிவிட்டார். வருடம் முழுக்க அந்தப் பெயருக்கே "உள்ளேன் டீச்சர்" சொன்னேன்.

5இல் ஒரு கிளை காய்ந்துவிட்டது. ஒடித்தால் பச்சை இல்லை.

துணி துவைத்தது. அண்ணன் சட்டையில் லாரி கிரீஸ் போகவில்லை.

மார்ச் 17. சனி.

வெயில், பிறகு மஞ்சு.

விறகுக்குச் சோலைக்காட்டுக்குப் போனேன். தனியாக. தனியாகப் போனால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

ஓடைக்கு மேலே ஒரு சிறு மரம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. சின்ன வயதிலிருந்து பார்க்கும் மரம்தான். ஆவணியில் கறுப்பாகப் பொடிப் பழம் பழுக்கும், தின்றால் நாக்கு கறுக்கும். இன்று பூ. இளஞ்சிவப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன். கவிழ்த்த குட்டிக் குடம். நிறம்தான் வேறு, அப்படியே ப்ளூபெர்ரிப் பூ. இலை விளிம்பும் அப்படியே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

இதற்கு யாரும் சாம்பல் போட்டதில்லை. அடியில் மண்ணைக் கிளறினேன். கறுப்பு. பஞ்சு மாதிரி. அழுகிய இலை வாசனை. பாறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரு பிடி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். அப்பாவிடம் காட்டினேன். மோந்து பார்த்தார். "புளிச்ச மண்ணு" என்றார்.

புளித்த மண்தான் வேண்டும் போல.

ஆனால் எப்போது மாற்றுவது? மதினி பார்த்தால் ஏன் என்று கேட்பாள்.

மார்ச் 19. திங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு அண்ணனும் மதினியும் பழனிக்கு இறங்கிவிட்டார்கள், காலை நான்கு மணிக்கே. மன்னவனூர்ச் சனம் காவடியோடு வர, அவர்களோடு சேர்ந்து நடை. கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்டதாம். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்கள்.

மதினி போகும்போது, "ஏ புள்ள, அந்தச் சோகச் செடிக்கு மறக்காம ஊத்து. திருநீறு கொண்டாறேன், அதையும் போட்டுப் பாப்போம்" என்றாள்.

திருநீறும் சாம்பல்தான். சிரிப்பு வந்தது. முதல் முறை. பிறகு அழுகை.

இன்று மண் சுமந்தது ஆறு கூடை. சோலையிலிருந்து வீட்டுக்கு ஏற்றம். தோள் செத்துவிட்டது. அடுப்பே மூட்டவில்லை. அப்பாவுக்குப் பழையது, ஊறுகாய்.

மார்ச் 20. செவ்வாய்.

மண், எட்டுக் கூடை. வேறு எதுவும் எழுதத் தெம்பில்லை.

மார்ச் 21. புதன்.

மேகமூட்டம். வெயில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வீட்டு வடக்குப் பக்கம், கொடிகளுக்கு எட்டாத இடத்தில் ஆறு குழி வெட்டினேன். சோலை மண் நிரப்பினேன். பிறகு செடிகளைப் பெயர்த்தேன். ப்ளூபெர்ரி வேர் ஆழம் போவதில்லை, மேலாகவே படர்ந்து கிடக்கும். தலைமயிர் மாதிரி மெல்லிசு. அதில் முழுக்கச் சாம்பல் சேறு.

கழுவ வேண்டும். வேர் அறாமல் கழுவ எனக்கு வரவில்லை, இரண்டு இழை அறுந்தது. அப்பா மழைத் தொட்டிப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொண்டா" என்றார். ஒவ்வொன்றாக வாளியில் முக்கி, குழந்தைக்குத் தலை அலசுவது போல அலசினார். ஆறையும். இருபது வருடம் தோட்டம் பார்த்த கை, ஒரு இழைகூட அறவில்லை.

"அன்னிக்கு நீ சொல்ல வந்தது இதத்தானா?"

"ம்."

"நானும் வாய மூடிட்டேனே தாயி." அவ்வளவுதான் சொன்னார்.

நட்டு முடித்துப் பைன் சருகு பரப்பினேன். பூ எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன், செடிக்குப் பாரம் வேண்டாம் என்று. இந்த வருடம் பழம் இல்லை. 5 அநேகமாகச் செத்தது. 1ம்.

பழைய குழி ஆறும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. மூட வேண்டும். நாளைக்கு.

மார்ச் 23. வெள்ளி.

மூடவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது, நேற்று முழுக்கப் படுக்கை.

அவர்கள் வந்துவிட்டார்கள். வத்தலக்குண்டு சுற்றிப் பஸ்ஸில். மதினி பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, பேசிக்கொண்டே, திருநீற்றுப் பொட்டலத்தோடு நேரே பின்புறம் போனாள். கூட்டம், மொட்டை போட்ட ஒரு தாத்தா, யானை, காணாமல் போய்க் கிடைத்த அண்ணன் செருப்பு. பேச்சு நின்றது. குழிகள்.

"செடி எங்க புள்ள?"

வடக்குப் பக்கம் கை காட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரு மாத்துனா? ஏன்?"

சொன்னேன். எழுதிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "சாம்பல் கூடாது" என்று மட்டும் வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரு சொன்னா கூடாதுன்னு?"

"மிஸ்ஸியம்மா."

"எப்ப?"

"போன வருசம்."

திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகினாள். பிறகு, "அப்ப காத்து கொண்டு போகல. நீதான் அள்ளியிருக்க. நான் போடப் போட பின்னாடியே வந்து அள்ளியிருக்க. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

பஞ்சாமிர்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் என் கைராசின்னு சொல்றப்ப நீ உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப."

இல்லை மதினி, இல்லை. மனசுக்குள்தான் சொன்னேன்.

அப்பா நடுவில் வந்து எல்லாவற்றையும் சொன்னார், வீடு பற்றியும். அதைக் கேட்டதும் மதினி முகம் மாறியது. "இந்தச் செடி செத்தா வீடு போகுமா? இத்தன நாளா இது ஒருத்தருக்கும் எங்கிட்டச் சொல்லத் தோணலயா? பொண்ணு பாக்க வந்தப்ப, வீட்டப் பத்திக் கவலையில்லன்னு சொன்னீகளே!" அண்ணன், "ஏ, மெதுவா" என்றான். "நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கும் தெரியும்தான?" என்றாள். அண்ணன் லாரியைப் பார்க்கப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் கிடையாது. இன்றுதான் அது எனக்கே தெரிந்தது.

கடைசியாக ஒன்று சொன்னாள், மெதுவாக. அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. "நான் கெணத்துப் பக்கம் கண்ணு தெரியாம நடந்து போனாலும் நீ பாத்துக்கிட்டேதான் நிப்ப."

பஞ்சாமிர்தம் திறக்கவில்லை.

மார்ச் 28. புதன்.

வெயில். புழுக்கம்.

மதினி என்னோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள். அண்ணன் மூலம் பேசுகிறாள். "ஒங்க தங்கச்சிக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சாம்பலை இப்போது எந்தச் செடிக்கும் போடுவதில்லை. ஒரு தகரடின்னில் கொட்டி மூடி வைக்கிறாள். டின் நிரம்பிவிட்டது. அவரைக் கொழுந்தில் செடிப்பேன் அப்பிவிட்டது, கறுப்புக் கறுப்பாக. அவரைக்குப் போட்டால் போய்விடும். போடலாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானே போட்டால் குத்திக்காட்டுவது போலாகும்.

5 செத்தது. 1 செத்தது. பிடுங்கவில்லை.

ஏப்ரல் 4. புதன்.

தூறல்.

3இல் துளிர்! அடியிலிருந்து, சிவப்பாக, நெல் அளவு. கண்ணாடி வேண்டும் பார்க்க. 2இலும் ஒரு கணுவில் ஏதோ இருக்கிறது. 6 அப்படியே. 4 மொத்தமாகக் காய்ந்தது.

யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னேன். தடியை ஊன்றி வந்து பார்த்தார். "ஆமா" என்றார்.

திரும்பும்போது மதினி சன்னலில் நின்றிருந்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

தாட்பூட் நாலு காய் கீழே விழுந்தது. ஒன்றில் அணில் பல்.

ஏப்ரல் 15. ஞாயிறு.

நேற்று சித்திரை பிறந்தது. மாங்காய்ப் பச்சடி மதினி செய்தாள், நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

பட்லர் வந்தார். நாளை மதியம் மிஸ்ஸியம்மா. செடிகளைப் போய்ப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். "ஆறுக்கு மூணு" என்றார். "மூணு ஃபெயில்." அவர் சொன்னது அவ்வளவுதான். செத்ததைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பிடுங்கினால் ஏமாற்று. விட்டுவிட்டேன்.

இன்று மதினி நேரே என்னிடம் பேசினாள், இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு. "நாளைக்கு அந்த அம்மா கேட்டா பேசுவியா?"

"ம்."

"ம்முன்னு சொன்னா அவுகளுக்கு வெளங்காது. வாயத் தொறந்து."

"பேசுவேன் மதினி."

சொல்லப் போவது: மிஸ்ஸியம்மா, மூன்று செத்தது என் தப்பு. மூன்று பிழைத்தது. சோலை மண் போட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும்.

நாலு வாக்கியம். முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன், பந்தலுக்கு அடியில். சௌசௌவிடம் எல்லாம் வருகிறது.

ஏப்ரல் 16. திங்கள்.

வந்தார். இளைத்திருக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. எல்லோருக்கும் கும்பிடு. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு வடக்குப் பக்கம்.

மண்டியிட்டு உட்கார்ந்தார், நல்ல கவுனோடு. செத்த மூன்றையும் தொட்டுப் பார்த்தார். துளிர் விட்ட மூன்றையும் தொட்டுப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் வரிசையாக நின்றோம். பட்லர் கொஞ்சம் தள்ளி.

"இங்கே என்ன நடந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி, "சாம்பல் போட்டது நான்தாங்க. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் போடுவோம். தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள். பட்டென்று. கண்ணைப் பார்த்து.

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். "நீ இவளிடம் சொல்லவில்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இந்தப் புதிய மண் யார் கொண்டுவந்தது?"

அப்பாதான் சொன்னார். "அவதாங்க. பதினாலு கூடை."

"நல்லது. பழனியம்மாள், இந்த வேலையை நீ விரும்புகிறாயா?"

இதுதான். இதற்குத்தான் இத்தனையும். என் நாலாவது வாக்கியம். எனக்கு இந்த வேலை வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள். மிஸ்ஸியம்மா காத்திருந்தார், நிஜமாகவே ரொம்ப நேரம். மதினி முழங்கையால் இடித்தாள். நான் அவர் செருப்பையே பார்த்தேன். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு பைன் சருகு ஒட்டியிருந்தது.

பட்லர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், பாப்பா சின்னப் புள்ள. தோட்டம்னா கூலியாள வேல வாங்கணும், பேசணும். நம்ம மச்சினன் ஒருத்தன்..."

"நான் செய்யிறேங்க."

மதினி.

"நான் செய்யிறேன். மம்பட்டி புடிக்கத் தெரியும். ஆள் வேல வாங்கத் தெரியும். தெரியாதத இனிமே கேட்டுக்கிட்டுச் செய்வேன்."

மிஸ்ஸியம்மா பந்தலைப் பார்த்தார், ஓட்டின் மேல் ஏறிக் கிடக்கும் சௌசௌவை. தாட்பூட்டைப் பார்த்தார். என்னை இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

"சரி" என்றார். "நாளை முதல் வா."

வீடு எங்களுக்கு இருக்கிறது.

ஏப்ரல் 17. செவ்வாய்.

மேகம்.

மதினி ஏழு மணிக்குப் பங்களாவுக்குப் போனாள், அப்பாவின் பழைய மம்பட்டியோடு. அடுப்பு மறுபடியும் என்னிடம்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அசதிதான். ஒரு வருடம் தூங்காதவள் போல. கோபப்படவும் முடியவில்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டிருப்போம். ஆனால் அந்த வேலை என்னுடையது. அதையும் எழுதி வைக்கிறேன். என்னுடையது.

மாலையில் திரும்பி வந்தாள். கையில் கொப்புளம். "ஒன் மேல கோவமா?" என்று கேட்டுவிட்டு, "இல்ல, எம்மேல கோவமா?" என்று திருத்தினாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டல். "ஆமாம்னு சொல்றியா, இல்லன்னு சொல்றியா, ஒன்னோட பெரிய ரோதன" என்று சிரித்தாள்.

கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18. புதன்.

காலையிலிருந்து சாரல். சௌசௌ பறித்தது, அரைக் கூடை. அவரையில் பேன் குறையவில்லை.

மதியம் சோறு கொதிக்கும்போது மதினி பாதி வேலையில் வந்தாள். தலையில் சாக்கு. மிஸ்ஸியம்மா அந்த மூன்று செடியையும் பங்களாத் தோட்டத்துக்கே கொண்டுபோகப் போகிறாராம். கடைசியில் அங்கேதான் இருக்க வேண்டும் என்று. புதிதாக வேறு ஆறு வரவழைக்கப் போகிறாராம்.

"எந்த மண்ணு, எங்க எடுத்த, எவ்வளவு ஆழம், எல்லாம் கேக்குறாக. நீ வந்து சொல்லு."

"ஓடைக்கு மேல, அந்தக் கறுப்புப் பழ மரத்தடியிலன்னு நீங்களே சொல்லிருங்க மதினி."

"சொல்ல மாட்டேன்."

"தெரியும்தான?"

"தெரியும். சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க நாத்தனாதான் சொல்லணும்னு சொல்லிட்டேன். நாற்காலி போட்டு வராந்தாவுல ஒக்காந்திருக்காக."

என் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள், ஈரச் சேலையோடு. "சோத்த நான் பாத்துக்கிறேன். வெரசாப் போ."

முகம் கழுவினேன். தாவணி மாற்றினேன். பின்வாசல் படி வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பங்களா வராந்தா இங்கிருந்தே தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி, காலியாக.

ஒரு முழ ஆழம். மேலே இருக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில். வேரை அறுக்காமல். மரத்தடியில் ஒரே இடத்தில் தோண்டாமல் சுற்றிச் சுற்றி. இதுதான் சொல்ல வேண்டியது.

மதினி அடுப்படியிலிருந்து: "இன்னுமா எழுதிக்கிட்டு இருக்க?"